துண்டுத் துணிப் போர்வை: நம்புவதும் நடப்பதும்

பிளவுஸ் தைத்து மிஞ்சிய பிட், பிள்ளைக்குச் சிறுத்துப்போன பாவாடை, உயரம் குறைக்க வெட்டிய சுடிதார் ஓரம் என்று எல்லாம் ஒரு பையில் சேர்ந்து அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிடுகின்றன. ‘என்றாவது போர்வை தைக்கலாம்’ என்று வைத்தது வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதற்குச் சோம்பல் பாதிக் காரணம். நாலு பேர் சொல்லிக் கேட்ட தப்புக் கணக்குகள் மீதிக் காரணம்.

நம்பிக்கை: துண்டு எவ்வளவு சின்னதோ, துணி அவ்வளவு மிச்சம்.

நேர்மாறு. ஒவ்வொரு துண்டிலும் நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். 60-க்கு 90 அங்குலப் போர்வைக்கு 6 அங்குலக் கட்டம் என்றால் 150 துண்டு போதும்; சுமார் 17 சதவீதம் துணி கூடுதலாகப் பிடிக்கும். 3 அங்குலக் கட்டத்துக்கு 600 துண்டு, 36 சதவீதம் கூடுதல். 1 அங்குலத்துக்கு இறங்கினால் 5,400 துண்டு. அப்போது வெளியே தெரிகிற துணியைவிட உள்ளே மடிந்து கிடக்கிற துணிதான் அதிகம்.

நம்பிக்கை: கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும்.

சாயப்பட்டறையில் உப்பு போடுவது உண்மைதான். ஆனால் அது, தண்ணீரில் இருக்கும் சாயத்தை நூலின் பக்கம் தள்ளுவதற்கு. இன்று பருத்திக்குப் பரவலாகப் பயன்படும் ரியாக்டிவ் சாயத்தை நூலோடு பிணைக்கச் சோடா வேண்டும். பட்டறையில் பிடிக்காமல் விட்ட சாயத்தை நம் வீட்டு உப்பு பிடித்துவைக்காது. அடுத்த அலசலில் மறுபடி கசியும். 1960-களில் அமெரிக்காவில் மெட்ராஸ் செக் துணியை ‘சாயம் போவதற்கு உத்தரவாதம்’ என்று சொல்லியே விற்றார்கள். சட்டைக்கு அது பெருமையாக இருந்திருக்கலாம்; வெள்ளைத் துண்டு பக்கத்தில் இருக்கும் போர்வைக்குச் சரிவராது. சிவப்பு, கருநீலம், மெரூன் துணிகளைத் தனித்தனியே, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். பிறகு ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்து அயர்ன் செய்து பாருங்கள். கறை படிந்தால் அந்தத் துண்டு போர்வைக்கு ஆகாது. புதுத் துணியையும் துவைத்த பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவையலில் அது மட்டும் சுருங்கிப் பக்கத்துத் துண்டையும் இழுக்கும்.

நம்பிக்கை: காட்டன் என்றால் எதுவும் சேரும், மற்றது எதுவும் சேராது.

பருத்தி மடிப்பைப் பிடித்து நிற்கும், அதனால் தைக்கச் சுலபம். அதற்காக எல்லாப் பருத்தியும் ஒன்றல்ல. ஜீன்ஸ் துண்டையும் வாயில் புடவைத் துண்டையும் அடுத்தடுத்து வைத்தால், கனமானது மெல்லியதைத் தையலோரத்தில் கிழித்துவிடும். பாலியெஸ்டர் கலந்த துணியைத் தாராளமாகச் சேர்க்கலாம், கனம் ஒத்திருந்து அயர்ன் சூடு குறைவாக இருந்தால் போதும். லெகிங்ஸும் பனியன் துணியும் இழுபடுவதால், அடியில் கேன்வாஸ் ஒட்டாமல் தைக்க முடியாது. பழம்புடவையில் கொசுவத்தின் உள்மடிப்பும் முந்தானையும் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். உட்கார்ந்து எழும் பகுதிதான் முதலில் நைந்துபோகும்.

நம்பிக்கை: கலர் ஒத்துப்போக வேண்டும்.

கலரைவிட முக்கியம், எது வெளிர், எது அடர் என்பது. துண்டுகளைத் தரையில் பரப்பி, போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். கிளிப்பச்சையும் ஆரஞ்சும் படத்தில் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், அவை அருகருகே வரும்போது கட்டம் கரைந்துவிடும். நடுவே ஒரு வெளிர்த்துண்டு வந்தால், ஒட்டாத கலர்களும் ஒழுங்குக்கு வந்துவிடும்.

நம்பிக்கை: டிசைன் வரைந்து வைத்து, பெரிய மிஷினில்தான் தைக்க வேண்டும்.

கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் ‘கவண்டி’ என்ற துண்டுத் துணிப் போர்வையைப் பாருங்கள். வரைபடமும் இல்லை, மிஷினும் இல்லை. பழம்புடவையை அடியில் விரித்து, ஓரத்தில் தொடங்கி, கைக்கு வந்த துண்டை மடித்து வைத்து, ஓட்டுத்தையலில் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். மூலைகளில் மடித்த துணியால் ‘பூ’ வைத்தால்தான் அது முழுமை.

மிஷினில் கட்டம் போடுவதென்றால் பழைய கால்மிஷினே போதும். தையல் அகலம் மட்டும் மாறக் கூடாது. கால் அங்குலம் என்பது 2 நூல். ஒவ்வொரு தையலிலும் அரை நூல் கூடினால், 16 கட்ட வரிசை ஏறத்தாழ 2 அங்குலம் குறுகிவிடும். அடுத்த வரிசையோடு சேராது.

நம்பிக்கை: துண்டுதான் இருக்கிறதே, செலவே இல்லை.

மேல்பக்கத்துக்குத்தான் செலவில்லை. அதே 60-க்கு 90 போர்வைக்குக் கடையில் 44 அங்குல அகலத் துணி வாங்கினால், அடிப்பக்கத்துக்கே 5 மீட்டர் பிடிக்கும். ஐந்தரை மீட்டர் காட்டன் புடவையைக் குறுக்கே பாதியாக வெட்டி, கரையோடு கரை சேர்த்துத் தைத்தால் அந்தச் செலவும் மிச்சம். நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சு தேவையில்லை. இடையில் இன்னொரு பழம்புடவை போதும்.

ஆகவே முதல் வேலை வெட்டுவது அல்ல, கழிப்பது. பையைத் தரையில் கொட்டி, ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்து, இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். இழை விலகினால், சாயம் போனால், கனம் ஒத்துவராவிட்டால் தலையணைக்குள் திணித்துவிடுங்கள். பை பாதியாகிவிடும், மீதியில் நல்ல போர்வை தேறும்.