நெல்லை வானத்துக்கு ஏற்ற முதல் தொலைநோக்கி



தொலைநோக்கிப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 525 மடங்கு என்று அச்சிட்டிருப்பார்கள். வாங்குவதற்கு முன் அந்த எண் எப்படி வந்தது என்று கணக்குப் போட்டுப் பார். குழாயின் குவியத்தூரம் 700 மி.மீ. கூடவே தருகிற, கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ்களில் மிகச் சிறியது 4 மி.மீ. எழுநூறை நாலால் வகுத்தால் 175. உருப்பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸையும் சொருகினால் 525. கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்தக் குழாயின் விட்டம் 76 மி.மீ. மட்டுமே. நல்ல கண்ணாடியும் அசையாத காற்றும் வாய்த்தால், விட்டத்தின் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு வரை உருப்பெருக்கலாம். அப்படிப் பார்த்தால் 76 மி.மீ. குழாய்க்கு 150 மடங்குதான் எல்லை. அதைத் தாண்டினால் வியாழன் பெரிதாகத் தெரியும், அதில் இருக்கும் பட்டைகள் கரைந்து போகும்.

1610 ஜனவரியில் கலிலியோ வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கு பெருக்கும் குழாயில்தான். ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை மடங்கு என்பதல்ல. விட்டம் எவ்வளவு, அதைத் தாங்கும் ஸ்டாண்ட் எப்படி? இவை இரண்டும் சரியாக இருந்தால் மற்றதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

ஸ்டாண்ட் என்றதும் திருநெல்வேலி எங்கே இருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான ஆலோசனைகள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்கள் தங்கள் வானத்தைப் பார்த்து எழுதியவை. நெல்லை வடக்கு அட்சரேகை 8.7 பாகையில் இருக்கிறது. துருவ நட்சத்திரமும் இங்கே அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ அதே 8.7 பாகையில்தான் நிற்கும். பாளையங்கோட்டை மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அது பக்கத்துத் தெரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலோ தூசி மண்டலத்திலோ மறைந்துவிடும். வானத்தின் சுழற்சியோடு கருவியைத் திருப்பும் ஈக்வடோரியல் ஸ்டாண்டின் அச்சைத் துருவத்தை நோக்கித்தான் திருப்பி வைக்க வேண்டும். மலிவான ஈக்வடோரியல் ஸ்டாண்டுகள் பலவும் இவ்வளவு தாழ்ந்த கோணத்துக்குச் சரியாக இறங்குவதில்லை. இறக்கினாலும் எதிர்எடை முக்காலியின் காலில் இடிக்கும். பார்ப்பதற்கு ஆய்வுக்கூடக் கருவி மாதிரி கம்பீரமாக இருக்கும் அந்த ஸ்டாண்டுக்குக் கொடுக்கும் பணத்தை விட்டத்துக்குக் கொடுப்பதே மேல்.

அதே அட்சரேகை இன்னொரு பக்கம் அள்ளிக் கொடுக்கிறது. கோள்கள் செல்லும் பாதை இங்கே ஏறக்குறைய தலைக்கு மேலேயே போகிறது. தனுசு ராசிப் பக்கம் மிகத் தெற்கே இறங்கி நிற்கும் கோளும் நெல்லையில் 58 பாகை உயரத்துக்கு ஏறும். லண்டனில் அதே கோள் 15 பாகைதான் ஏறும். உயரத்தில் நிற்கும் கோளின் ஒளி குறைந்த காற்றைக் கடந்து வருவதால் பிம்பம் கலங்குவது குறைவு. அங்கே 200 மி.மீ. கருவி வைத்திருப்பவர் தாழ்ந்து நிற்கும் வியாழனை எட்டிப் பிடிக்கப் படும் பாடு நமக்கு இல்லை. 2025 மார்ச்சில் விளிம்பு மட்டும் தெரியும்படி திரும்பிய சனியின் வளையங்கள் ஆண்டுக்கு ஆண்டு விரிந்து வரும் காலம் இது. வாங்குவதற்கு நல்ல நேரம்.

ஆனால் உச்சி வானம் கருவியைச் சோதிக்கும். முக்காலியில் நிற்கும் லென்ஸ் குழாயை நேர் மேலே திருப்பினால் ஐபீஸ் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிடும். குழாயின் அடிப்பகுதி முக்காலிக் காலில் முட்டி நின்றுவிடும். அதில் 45 பாகை வளைவுக் கண்ணாடி பொருத்தியிருந்தால் கழுத்து ஒடிந்துவிடும். அது பகலில் பறவையும் மலையும் பார்க்கச் செய்தது. லென்ஸ் குழாய்தான் என்று முடிவு செய்தால் 90 பாகை வளைவுக் கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. குழியாடி வைத்த நியூட்டன் வகையில் ஐபீஸ் குழாயின் மேல்முனையில், பக்கவாட்டில் இருக்கும்; உச்சியைப் பார்க்கும்போதும் நிமிர்ந்து உட்காரலாம்.

அந்த நியூட்டன் குழாயை மரப்பெட்டியில் வைத்து, மேலும் கீழும், இடமும் வலமும் கையால் தள்ளுகிற அமைப்புதான் டாப்சோனியன். அதற்குப் பெயர் கொடுத்த ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபின் வேதாந்த சங்கத்தில் 1944இல் சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் துறவியாக இருந்தவர். கையில் காசில்லாத மனிதர். கப்பல் ஜன்னலின் கழிவுக் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். அட்டைக் குழாயும் ஒட்டுப்பலகையும் மீதி வேலையைப் பார்த்தன. மடத்தை விட்டு வெளியேறிய பிறகு நடைபாதையில் கருவியை நிறுத்தி, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நிலவையும் சனியையும் காட்டினார். பணத்தை ஆடிக்குக் கொடு, ஸ்டாண்டை எளிமையாக வை என்ற அவருடைய வழிதான் இன்றும் நெருக்கடியான பட்ஜெட்டுக்குச் சரியான வழி. டாப்சோனியனுக்கு ஒரே சங்கடம், பொருள் மிகச்சரியாக உச்சியில் நிற்கும்போது பெட்டியைத் திருப்புவது கஷ்டம். அரை மணி நேரம் பொறுத்தால் வானம் ஏழெட்டுப் பாகை நகர்ந்துவிடும்.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் புகுந்து வரும் ஆனி, ஆடிக் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று. மெல்லிய அலுமினிய முக்காலி அதற்கு நிற்காது. கடையிலோ விற்பவர் வீட்டிலோ குழாயை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார். நடுக்கம் இரண்டு மூன்று விநாடிக்குள் அடங்கவில்லையென்றால் வேண்டாம். மேசைமேல் வைக்கும் குட்டி டாப்சோனியன் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் மறைவில் காற்றுக்குத் தப்பித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் மட்டும் அதை வைக்காதே. கல் திண்ணையோ கனமான மர முக்காலியோ வேண்டும்.

இனி விலை. இது கடைக்குக் கடை, பண்டிகைத் தள்ளுபடிக்குத் தள்ளுபடி மாறும் என்பதால் வரிசையை மட்டும் சொல்லலாம். ஏழெட்டாயிரம் ரூபாய்க்கு மேல் முடியாது என்றால் 10×50 பைனாகுலர் வாங்கு. சுவரில் முழங்கையை ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நிலவுகள் தெரியும். கார்த்திகை மீன் கூட்டம் கண்ணை நிறைக்கும். சனியின் வளையம் தெரியாது, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த விலையில் வரும் ஆட்டம் காணும் தொலைநோக்கியை விட இது பல ஆண்டு உழைக்கும். பின்னால் பெரிய கருவி வாங்கிய பிறகும் கூடவே வரும். அடுத்த படி 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட லென்ஸ் குழாய். நிலவின் பள்ளங்கள், வளையம், வியாழனின் இரண்டு பட்டைகள் எல்லாம் உண்டு.

கொஞ்சம் காத்திருந்து சேர்க்க முடியுமென்றால் 130 மி.மீ. விட்டமும் 650 மி.மீ. குவியத்தூரமும் உள்ள மேசை டாப்சோனியன் வரை போ. ஸ்கைவாட்சரின் ஹெரிடேஜ் 130 இந்த ரகம்தான். எழுபதைவிட இது மூன்றரை மடங்கு ஒளியைச் சேர்க்கும். ஒரு பொறியை மட்டும் கவனித்துக்கொள். சில நியூட்டன் குழாய்களில் குவியத்தூரம் 1000 மி.மீ. என்று எழுதியிருக்கும், குழாய் அரை மீட்டர்தான் இருக்கும். கோள வடிவ ஆடியின் குறையை மறைக்க ஃபோகஸரின் வாயில் ஒரு லென்ஸை ஒட்டிச் செய்தவை அவை. ஆடியை நேர்ப்படுத்தத் தொடங்கினால் புதியவரை அழ வைத்துவிடும். டேப்பை வைத்துக் குழாயை அளந்தாலே தெரிந்துவிடும்.

விட்டத்துக்கு ஏன் இவ்வளவு வாதாட வேண்டும் என்றால், தெற்கே பார்க்க வேண்டியது அவ்வளவு இருக்கிறது. வானியலாளர் வைணு பாப்பு புதிய ஆய்வகத்துக்கு இடம் தேடி ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தபோது, அங்கிருந்து வடவானமும் தென்வானமும் ஒருசேரக் கிட்டுவது பெரிய அனுகூலமாக இருந்தது. 1968இல் அங்கே முதலில் நிறுத்தப்பட்டது 38 செ.மீ. தொலைநோக்கி, கொடைக்கானல் பட்டறையிலேயே செய்தது. 1972இல் 1 மீட்டர் ஸைஸ் கருவி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸின் வளையங்களுக்கான தடயம் அதில் பதிவானது. பாப்புவின் பெயரைத் தாங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. அவர் தேடிப் போன தென்வானம், காவலூரைவிட நான்கு பாகை தெற்கே இருக்கும் நமக்கு இன்னும் தாராளமாகத் திறக்கிறது.

மாசி மாத இரவு ஒன்பது மணிவாக்கில் அகத்திய நட்சத்திரம் தெற்கே 28 பாகை உயரத்தில் நிற்கும். சித்திரையில் அதே நேரத்துக்கு ஈட்டா கரினா நெபுலா 21 பாகையில். வைகாசி முடிவதற்குள் ஒமேகா சென்டாரி 33 பாகைக்கு மேல் ஏறிவிடும். அது லட்சக்கணக்கான விண்மீன்கள் திரண்ட உருண்டைக் கொத்து. லண்டன்காரருக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. பைனாகுலரில் அது ஒரு பஞ்சு உருண்டை. 130 மி.மீ. ஆடியில், ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில், 65 மடங்கில் ஓரங்களிலிருந்து பொடிப்பொடியாக விண்மீன்கள் பிரியத் தொடங்கும். பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கம் இருட்டு நன்றாக இருந்தாலும் மலை மேற்கை அடைத்துவிடும். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். தெற்கு அடிவானம் வேண்டுமென்றால் கூட்டப்புளி, உவரிக் கடற்கரைகள் இருக்கின்றன. திரும்பி வந்ததும் உப்புக் காற்று பட்ட குழாயை ஈரத்துணியால் துடைத்துவிடு. ஆடியைத் தொடாதே.

ஐபீஸ் விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் பணத்தை விடுகிறார்கள். பத்துப் பதினைந்து ஐபீஸ்களும் வண்ண வடிகட்டிகளும் அடுக்கிய அலுமினியப் பெட்டியைப் பார்த்ததும் ஆசை வரும். வாங்காதே. அதில் பாதி ஒன்றுக்கொன்று நகல், மீதி உன் குழாயின் எல்லைக்கு வெளியே. தொலைநோக்கியின் குவியத்தூரத்தை ஐபீஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். 650 மி.மீ. குழாயில் 25 மி.மீ. ஐபீஸ் 26 மடங்கு தரும், 10 மி.மீ. 65, 6 மி.மீ. 108. இந்த மூன்றும் போதும். பெரும்பாலும் முதல் இரண்டும் கருவியோடே வந்துவிடும். அவற்றை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மாதம் பார்த்துவிட்டு மூன்றாவதை வாங்கு. பார்லோதான் கையில் இருக்கிறதென்றால் 25 மி.மீ.யோடு 12.5 மி.மீ. வாங்குவது வீண், இரண்டு மடங்கு பார்லோ 25ஐயே 12.5 ஆக்கிவிடும்.

ஐபீஸின் மேல் எச், எஸ்.ஆர் என்று எழுத்து இருந்தால் அது பழைய, எளிய அமைப்பு, பார்வைப்புலம் குறுகல். வியன்னாவின் கியோர்க் சைமன் ப்ளாஸல் 1860இல் வகுத்த நான்கு லென்ஸ் அமைப்பு இன்றும் மலிவில் நல்லது, ஏறத்தாழ 50 பாகைப் புலம் தரும். ஆனால் ப்ளாஸலில் குவியத்தூரம் குறையக் குறைய கண்ணை லென்ஸோடு ஒட்ட வேண்டியிருக்கும். 6 மி.மீ. ப்ளாஸல் மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்குப் பெரும் தொல்லை. அந்த அளவில் 66 பாகைப் புலம் கொண்ட மலிவு ஐபீஸ்கள் கிடைக்கின்றன, அவற்றில் ஒன்றை எடு. ஐபீஸின் அடிக்குழல் 1.25 அங்குலம் இருக்க வேண்டும், 0.965 அங்குலக் குழல் உள்ள கருவியை வாங்கினால் பின்னால் அதற்கு நல்ல ஐபீஸ் தேடி அலைய நேரும்.

சில கருவிகளோடு, ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்று சூரியனுக்கென்று வரும். அதை உடனே குப்பையில் போடு. குவிந்து வரும் வெப்பத்தில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும். சூரியனைப் பார்க்கக் குழாயின் முன்வாயை முழுதும் மூடுகிற சூரிய வடிகட்டித் தாள்தான் பாதுகாப்பான வழி. குறிபார்க்கும் சிறு குழாயான ஃபைண்டரையும் மூடிவிட வேண்டும். 2031 மே 21 அன்று கங்கண கிரகணப் பாதை கேரளம் வழியாகத் தமிழ்நாட்டைக் கடக்கப் போகிறது. அதற்குள் இந்தப் பழக்கம் கையோடு வந்திருக்க வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன் கொக்கிரகுளத்தில் 1987 முதல் இருக்கும் மாவட்ட அறிவியல் மையத்துக்கு ஒரு நடை போய்வா. வானம் காட்டும் நிகழ்ச்சி நடக்கும் இரவாகப் பார்த்துப் போனால் வெவ்வேறு கருவியில் கண்ணை வைத்துப் பார்க்கலாம். பழைய கருவி கிடைத்தால் லென்ஸிலோ ஆடியிலோ டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார். சிலந்தி வலை போல ஓடினால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

பைனாகுலரோடு நின்றுவிட நேர்ந்தால் மனம் தளராதே. சென்னை வானியல் கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீன் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். சுமார் 278 நாளுக்கு ஒருமுறை அது பைனாகுலருக்கு எட்டும் வெளிச்சத்துக்கு ஏறி, பிறகு மங்கிப் போகும். அவர் அதைப் பார்த்த சென்னையில் அது 14 பாகைக்கு மேல் ஏறாது. நெல்லையில் 18 பாகை. மார்கழி, தை மாத முன்னிரவுகளில் தெற்கே தேடு. பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு அதன் ஒளியைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வை. மாறொளி விண்மீன்களின் இத்தகைய பதிவுகளை உலகெங்கும் உள்ள ஆர்வலர்களிடமிருந்து சேர்க்கும் அமெரிக்கச் சங்கம் ஒன்று 1911 முதல் இயங்குகிறது. நெல்லையிலிருந்து போகும் பதிவையும் வாங்கிக்கொள்வார்கள்.