மாதிரிக் கணிப்பும் சார்புப் பிழையும்
பயிர் அறுவடைப் பரிசோதனை வழியாக ஒரு பாடம்

புள்ளியியலின் தொடக்கப் பாடத்தில் மாணவர் சராசரி, திட்ட விலக்கம், நிகழ்தகவு ஆகியவற்றைத் தனித்தனியே கற்கின்றனர். இவை மூன்றும் ஒன்றுசேர்ந்து பயன்படும் இடம் மாதிரிக் கணிப்பு ஆகும். ஒரு மாவட்டத்தின் நெல் முழுவதையும் எவரும் நிறுத்துப் பார்த்தல் இயலாது. ஆகவே சில வயல்களில் சிறு துண்டுகளை அறுத்து, அவற்றின் விளைச்சலிலிருந்து மாவட்டத்தின் விளைச்சலைக் கணிக்கிறோம். இக்கணிப்பில் புகும் பிழை இரு வகைப்படும். ஒன்று மாதிரிகளைப் பெருக்குவதால் குறையும்; மற்றொன்று எத்தனை மாதிரிகள் எடுப்பினும் குறையாது. இவ்வேறுபாட்டை உணர்த்துவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. கண்மதிப்பும் மாதிரியும்

முற்காலத்தில் விளைச்சலை அணாக் கணக்கில் மதிப்பிடும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது. நல்ல விளைச்சலைப் பதினாறு அணாவாகக் கொண்டு, இவ்வாண்டு பன்னிரண்டு அணா எனின் முக்கால் பங்கு என்று கணக்கிட்டனர். இம்மதிப்பு பார்ப்பவரின் எண்ணத்தைப் பொறுத்ததேயன்றி அளவையின் விளைவன்று. 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய பி. சி. மகலனோபிஸ், 1937-இல் வங்காளத்தின் சணல் பயிரைக் கொண்டு மாதிரிக் கணிப்பைத் தொடங்கினார். 1950-இல் தோன்றிய தேசிய மாதிரிக் கணிப்பும் இம்முறையின் வழிவந்ததே.

2. சமவாய்ப்பு ஏன் வேண்டும்?

நான்கு வயல்களில், 25 சதுர மீட்டர் துண்டு ஒவ்வொன்றின் விளைச்சல் முறையே 6, 8, 10, 16 கிலோ எனக் கொள்வோம். உண்மைச் சராசரி 10 கிலோ. இவற்றுள் இரண்டை மட்டும் அறுக்க வேண்டுமெனின் ஆறு இணைகள் அமையும். அவற்றின் சராசரிகள் 7, 8, 11, 9, 12, 13 ஆகும். தனித்தனியே நோக்கினால் ஒன்றும் 10 அன்று. ஆயினும் ஆறன் சராசரி சரியாக 10. ஒவ்வோர் இணைக்கும் சமமான வாய்ப்பு அளித்தால், மிகையும் குறையும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன என்பது இதனால் விளங்கும்.

இனி, நலிந்த வயலைக் கண்டு, “இது மாதிரிக்கு உதவாது” என்று பணியாளர் ஒதுக்குவதாகக் கொள்வோம். எஞ்சும் மூன்று இணைகளின் சராசரிகள் 9, 12, 13. அவற்றின் சராசரி 11.33. கணிப்பை எத்தனை முறை திரும்பச் செய்தாலும் அது 10-ஐ நோக்கி வாராது. இதுவே சார்புப் பிழை எனப்படும்.

3. எண்ணிக்கை எதைக் குறைக்கும்?

சமவாய்ப்பால் நேரும் பிழையை அளக்கும் திட்டப்பிழை, திட்ட விலக்கத்தை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கக் கிடைப்பது. பெரியதொரு தொகுதியில் திட்ட விலக்கம் 2 கிலோ எனின், 4 துண்டுகளுக்குத் திட்டப்பிழை 1 கிலோ; 16 துண்டுகளுக்கு 0.5; 64 துண்டுகளுக்கு 0.25. பிழையைப் பாதியாக்க உழைப்பை நான்கு மடங்காக்க வேண்டும். சார்புப் பிழையோ இவ்விதிக்கு உட்பட்டதன்று.

4. துண்டின் ஓரத்தில் நேரும் பிழை

சார்பு, வயலைத் தேர்வதில் மட்டுமன்றித் துண்டின் ஓரத்திலும் நுழையும். கயிற்றின்மேல் நிற்கும் தூரை உள்ளே சேர்ப்பதா, வெளியே விடுவதா என்ற ஐயம் எழும்போது கை இயல்பாகவே உள்ளே சேர்க்கும். நான்கு பக்கங்களிலும் 5 செ.மீ. அகலம் மட்டும் கூடுதலாக அறுக்கப்படுவதாகக் கொண்டால் நேரும் மிகை பின்வருமாறு:

5 மீ. பக்கமுள்ள சதுரம்: 25-க்குப் பதில் 26.01 ச.மீ. (மிகை 4 விழுக்காடு)
2 மீ. பக்கமுள்ள சதுரம்: 4-க்குப் பதில் 4.41 ச.மீ. (மிகை 10 விழுக்காடு)
1 மீ. பக்கமுள்ள சதுரம்: 1-க்குப் பதில் 1.21 ச.மீ. (மிகை 21 விழுக்காடு)

துண்டு சிறுத்தால், பரப்பை நோக்க ஓரத்தின் பங்கு பெருகுவதே இதற்குக் காரணம். சிறு துண்டுகள் விளைச்சலை மிகையாகக் காட்டுகின்றன என்பதை பி. வி. சுகாத்மே பரிசோதனைகளால் நிறுவி, 1946-இல் வெளியிட்டார்.

5. வயலில் கடைப்பிடிக்க வேண்டியவை

(அ) வயலின் நீள அகலங்களை அளந்து, ஒவ்வொன்றிலிருந்தும் 5 மீட்டரைக் கழிக்க. 40 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் உள்ள வயலில் 35-க்கும் 20-க்கும் மிகாத இரு எண்களைச் சமவாய்ப்பு எண் அட்டவணையிலிருந்து எடுக்க.

(ஆ) வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து அவ்வளவு தொலைவு சென்று முளைக்குச்சி நடுக. அவ்விடத்தில் பயிர் நலிந்திருப்பினும், செழித்திருப்பினும் இடத்தை மாற்றலாகாது.

(இ) கயிற்றை இறுகக் கட்டுக. மூலைவிட்டங்கள் இரண்டும் சமமா என்று சரிபார்க்க. தூரின் அடி பாதிக்குமேல் உட்புறம் இருந்தாலன்றி அறுக்கலாகாது.

25 சதுர மீட்டர் விளைச்சலை 400-ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேர் விளைச்சல் கிடைக்கும். ஆகவே துண்டில் நேரும் ஒரு கிலோ பிழை, ஏட்டில் 400 கிலோவாகும்.

6. இதனால் விளைவது யாது?

2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், உழவருக்கு உரிய இழப்பீடு பெரிதும் இப்பரிசோதனைகளைச் சார்ந்துள்ளது. வரையறுத்த விளைச்சல் ஹெக்டேருக்கு 4,000 கிலோ, உண்மை விளைச்சல் 3,600 கிலோ எனின், குறைவு 10 விழுக்காடு. காப்பீட்டுத் தொகை ரூ. 60,000 எனின் இழப்பீடு ரூ. 6,000. அளவையில் 10 விழுக்காடு மிகை புகுந்தால், ஏட்டில் 3,960 கிலோ என்றே பதிவாகும். குறைவு 1 விழுக்காடாகச் சுருங்கும். உழவர் பெறுவது ரூ. 600 மட்டுமே. நலிந்த இடத்தை ஒதுக்குதல் சிறு சலுகையாகத் தோன்றலாம்; அதன் சுமை முழு ஊரின்மீதும் விழுகிறது. இழப்பீடு கிடைக்கட்டும் என்று நலிந்த இடத்தையே நாடுவதும் இதே பிழைதான். அதனால் நாட்டின் உணவுக் கணக்கு தவறும்.

7. வகுப்பறைப் பயிற்சி

பல அளவுள்ள நூறு கூழாங்கற்களுக்கு எண்ணிட்டு, அவற்றின் சராசரி எடையை ஆசிரியர் குறித்து வைத்துக்கொள்க. ஒவ்வொரு மாணவரும் “சராசரியான” பத்துக் கற்களைக் கண்ணால் தேர்ந்து நிறுக்கட்டும். பின்னர்ச் சீட்டுக் குலுக்கிப் பத்துக் கற்களை எடுத்து நிறுக்கட்டும். இருவகைச் சராசரிகளையும் கரும்பலகையில் நிரல்படுத்துக. பெரிய கற்கள் கண்ணை முதலில் கவர்வதால், கண்ணால் தேர்ந்தவை பெரும்பாலும் மிகைப்பக்கம் சாயும். சீட்டால் எடுத்தவை உண்மைச் சராசரியின் இருபுறமும் பரவும்.

வினாக்கள்

1. இரண்டாம் பகுதியில் கூறிய நான்கு வயல்களுள் மும்மூன்றாகத் தேர்ந்தால் அமையும் எல்லாச் சராசரிகளையும் கண்டு, அவற்றின் சராசரி 10 எனக் காட்டுக.
2. 64 துண்டுகளில் திட்டப்பிழை 0.25 கிலோ, ஓரப்பிழை 0.4 கிலோ. மேலும் துண்டுகளைக் கூட்டுவதா, கயிற்றைச் செம்மையாகக் கட்டுவதா, எது முதற்கண் வேண்டுவது? காரணம் கூறுக.