பன்றிக்கு வரும் இரண்டு காய்ச்சல்



செஞ்சிப் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் வெண்பன்றி வளர்க்கும் அக்கா ஒருவர் எங்களிடம் கேட்டார்: "ஊசி போட்டாச்சு. இனிமே எந்தக் காய்ச்சலும் வராதுல்ல?" அன்று பாதி பதில்தான் சொன்னோம். மீதி இதோ.

பன்றிக்குக் காய்ச்சல் இரண்டு உண்டு. ஒன்று பன்றிக் காய்ச்சல், மற்றது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். இரண்டிலும் கடும் ஜுரம் வரும், தீனி எடுக்காது, காதிலும் வயிற்றிலும் செந்நீலத் திட்டு தெரியும், பிறகு சாவு. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆய்வகத்தில் சோதித்தால்தான் தெரியும். இரண்டுமே மனிதருக்கு வராது. 2009-ல் மனிதருக்குப் பரவியது வேறு கிருமி.

ரகம் என்றால் என்ன?

தீர்மான நோட்டைப் பார்த்துப் பார்த்து எழுதினால் நாலாவது பிரதியில் ஓர் எழுத்து மாறிவிடும் இல்லையா? கிருமியும் பெருகும்போது அப்படித்தான் மாறுகிறது. பன்றிக் காய்ச்சல் கிருமியில் 1.1, 2.1, 2.2 ஆகிய ரகங்களை இந்தியாவில் கண்டிருக்கிறார்கள். நல்லவேளை, ரகம் மாறினாலும் ஒரே தடுப்பூசி காக்கும். முன்பு முயலில் வளர்த்துத் தயாரித்த ஊசி போதுமான அளவு கிடைக்காது. 2020-ல் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், நம் நாட்டுக் கிருமியிலிருந்தே முயல் இல்லாமல் செய்த ஊசியை வெளியிட்டது.

ஆப்பிரிக்கக் காய்ச்சல் முற்றிலும் வேறு கிருமி. 1921-ல் கென்யாவில் இதைப் பற்றி முதலில் எழுதினார்கள். இதில் 20-க்கும் மேற்பட்ட ரகங்கள். 2007-ல் ஜார்ஜியா நாட்டுக்கும், 2018-ல் சீனாவுக்கும், 2020-ல் அசாமுக்கும் வந்தது ஒரே இரண்டாம் ரகம். 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிலும் இந்த நோய் உறுதியானது. கிருமி தானாக இவ்வளவு தூரம் நடந்து வராது. பன்றி, இறைச்சி, எச்சில் சாப்பாடு, வண்டி வழியாக நாம்தான் கொண்டு வருகிறோம். இதற்கு நம் நாட்டில் ஊசி இல்லை. அக்கா போட்ட ஊசி இதைத் தடுக்காது.

அப்போ என்ன செய்வது?

செஞ்சிக் கோட்டையில் எத்தனை மதில் இருந்தாலும் ஒரு வாசல் திறந்திருந்தால் போதும், எதிரி உள்ளே வந்துவிடுவான். கொட்டகையும் அப்படித்தான்.

1. ஓட்டல் மிச்சத்தை நன்றாகக் கொதிக்க வைக்காமல் போடாதீர்கள்.
2. புதிதாக வாங்கிய பன்றியைச் சில வாரம் தனியே கட்டுங்கள்.
3. வியாபாரியையும் அவர் வண்டியையும் கொட்டகைக்கு வெளியே நிறுத்துங்கள்.
4. பன்றிக் காய்ச்சல் ஊசியை மருத்துவர் சொல்லும் வயதில் தவறாமல் போடுங்கள்.
5. பன்றி செத்தால் ஏரியில் வீசாதீர்கள். ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். 1962-க்கு போன் செய்யுங்கள்.

"கடன் இருக்கே, சாவறதுக்குள்ள வித்துடலாம்" என்று தோன்றும். அந்த வேதனை எங்களுக்கும் புரிகிறது. ஆனால் நோய்ப் பன்றியை விற்றால், அடுத்த ஊரில் நம்மைப் போலவே கடன் வாங்கிய இன்னொரு சகோதரியின் கொட்டகை காலியாகும்.

கூட்டத்தில் பேசுங்கள்: நம் குழுவில் எத்தனை பன்றிக்கு ஊசி போட்டிருக்கிறது? காப்பீடு செய்திருக்கிறோமா? நம் கொட்டகையில் எந்த வாசல் திறந்திருக்கிறது?