ஜீப் வண்டிக்கு டயர் தேர்ந்தெடுத்தல்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குரிய பாடம்)

கூட்டுறவுச் சங்கத்தின் பொதுச் சொத்துக்களில் மோட்டார் வண்டியின் டயரைப்போல விரைவில் தேய்வது வேறொன்றில்லை. அதை வாங்கும்போது விலையையும் தோற்றத்தையும் மட்டுமே பார்ப்பது பலருடைய வழக்கம். வண்டி எந்த மண்ணில், எவ்வளவு பாரத்துடன், எத்தனை மைல் ஓடப்போகிறதென்பதைக் கணக்கிட்ட பின்னரே டயரைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். இக்கணக்கைப் போடாமல் வாங்கிய டயர் சங்கத்தின் பணத்தை விரயமாக்குவதோடு, வண்டியில் செல்வோர் உயிருக்கும் ஆபத்தை உண்டாக்கக் கூடும்.

மதுரைக்கும் டயருக்கும் உள்ள தொடர்பு பழமையானது. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ஆம் ஆண்டில் மதுரையில் பஸ் போக்குவரத்தைத் தொடங்கினார். அக்காலத்துச் சாலைகளில் மாட்டு லாடங்களிலிருந்தும் குதிரை லாடங்களிலிருந்தும் கழன்ற ஆணிகள் சிதறிக் கிடந்து டயர்களைப் பழுதாக்கின. காந்தம் பொருத்திய வண்டியை ஓட்டி அவ்வாணிகளைப் பொறுக்க அவர் ஏற்பாடு செய்தார் என்பர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் மலேயா ஜப்பானியர் வசமாகி ரப்பர் அரிதான பொழுது, தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஏற்றும் தொழில் இந்நாட்டில் முக்கியத்துவம் பெற்றது. அத்தொழிலுக்கும் அவர் தொழிற்சாலை கண்டார். இன்று மேலூர்ச் சாலையிலுள்ள வெள்ளரிப்பட்டியில் டயர்த் தொழிற்சாலை நடைபெறுகிறது. டயரைப் பேணுதல் பணத்தைப் பேணுதலாகும் என்பது மதுரையார் நெடுநாள் அறிந்த பாடமே.

1. மண்ணை அறிதல்

‘ஃபோர் வீல் டிரைவ்’ என வழங்கும் ஜீப் வகை வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும். ஆனால் விசை எவ்வளவு இருப்பினும், மண்ணைப் பற்றுவது டயர் ஒன்றேயாகும். ஆகையால் முதலில் மண்ணை அறிதல் வேண்டும்.

திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கங்களில் கரிசல் நிலம் மிகுதி. கோடையில் வெடித்துக் கிடக்கும் இம்மண் மழை நீரை உறிஞ்சி உப்பி, பசைபோல் ஆகிவிடும். அது டயரின் பள்ளங்களில் அப்பிக்கொண்டால், எந்த டயரும் வழுக்கை டயராகிவிடும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண் நிலம் அவ்வாறு பசையாவதில்லை. ஆயினும் அங்குள்ள சரளையும் உடைகல்லும் டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். வைகையிலும் ஓடைகளிலும் உள்ள மணலில் சக்கரம் புதையும். பெரியாற்றுப் பாசன நன்செய் வரப்புப் பாதைகளிலோ சேறும் வழுக்கலும் சேர்ந்திருக்கும். இவையெல்லாவற்றிற்கும் நடுவே, மதுரையிலிருந்து நான்கு திசைகளிலும் நல்ல தார்ச்சாலைகள் செல்கின்றன. சங்கத்தின் வண்டி பெரும்பாலும் ஓடுவது இத்தார்ச்சாலைகளிலேயே என்பதை மறத்தலாகாது.

2. டயரின் மூன்று வகைகள்

டயரின் முகத்தில் கட்டை கட்டையாய் நிற்கும் ரப்பரைப் பட்டறைக்காரர் ‘பட்டன்’ என்பர். பட்டனின் அளவையும், பட்டன்களுக்கிடையே உள்ள பள்ளத்தின் அகலத்தையும் கொண்டு டயர்கள் மூவகைப்படும்.

நெடுஞ்சாலை டயரில் பட்டன்கள் நெருங்கியும் பள்ளங்கள் குறுகியும் இருக்கும். தார்ச்சாலையில் சத்தமின்றி ஓடும். மழையில் நன்றாய் நிற்கும். டீசலும் குறைவாகவே செலவாகும். ஆனால் சேற்றில் இதன் பள்ளம் உடனே அடைபடும்.

சேற்று டயரில் பட்டன்கள் பெரியவை, பள்ளங்கள் அகலமானவை. சக்கரம் சுழலும்போது அப்பிய சேறு தானே தெறித்து விழும். ஆனால் தார்ச்சாலையில் இரைச்சல் மிகும், விரைவில் தேயும், மழை நனைத்த தாரில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்பதற்கு அதிக தூரம் ஆகும்.

‘ஆல் டெரெய்ன்’ என்னும் பலநில டயர் இவ்விரண்டிற்கும் நடுவானது. தாரிலும் சரளையிலும் செம்மண்ணிலும் ஒருவாறு நன்றாகவே உழைக்கும். எனினும், எந்நிலத்திற்கும் ஏற்றதென்னும் பெயரை நம்பி, மழை பெய்த அன்றே கரிசல் பாதையில் இறங்குவோர் ஏமாறுவர். நனைந்த கரிசலில் இதுவும் அடைபட்டுவிடும். அங்கே ஒரு நாள் காத்திருந்து மண் காய்ந்த பின் செல்வதே, முன்னோர் வண்டி மாட்டை அவிழ்த்துவிட்டு இருந்ததுபோல, விவேகமான வழியாகும்.

3. டயரில் பொறித்த எண்கள்

டயரின் பக்கச் சுவரில் உள்ள எண்களை அங்கத்தினர்கள் தாமே படிக்கக் கற்றுக்கொள்ளல் அவசியம். உதாரணமாக, ‘245/75 ஆர் 16, 111 எஸ்’ என்றிருப்பின் அதன் பொருள் பின்வருமாறு: டயரின் அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு, அதாவது சுமார் 184 மில்லிமீட்டர், ‘ஆர்’ என்பது ரேடியல் வகை, 16 என்பது டிஸ்க்கின் விட்டம் அங்குலத்தில். 111 என்பது பாரக் குறியீடு. அது ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும். ‘எஸ்’ என்பது மணிக்கு 180 கிலோமீட்டர் வரையுள்ள வேக வரம்பு.

பாரக் குறியீடே சங்கத்தாருக்கு மிக முக்கியமானது. யூரியா மூட்டை ஒன்று 45 கிலோ. இருபது மூட்டை ஏற்றினால் 900 கிலோ ஆகிறது. அதன் பெரும்பகுதி பின் அச்சின் மீதே விழும். ஆகையால், வண்டி தயாரித்தவர் குறித்த குறியீட்டிற்குக் குறைந்த டயரை, விலை மலிவென்று கருதி வாங்கலாகாது. டயரின் தாங்கும் திறன் மிகுதியாயிருப்பதைக்கொண்டு, வண்டிக்கு அனுமதித்த பாரத்தை மீறுவதும் கூடாது.

தயாரித்த காலமும் பொறிக்கப்பட்டிருக்கும். நான்கு இலக்கங்கள் ‘2324’ என்றிருந்தால், 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டதென்று அறிக. ரப்பர் ஓடாமலிருந்தாலும் காலத்தால் இறுகி வெடிப்புறும். ஆகையால் கடையில் நெடுநாள் கிடந்த டயரைப் புதியதென்று ஏற்கலாகாது. ஐ. எஸ். ஐ. முத்திரை உள்ளதா என்றும் பார்த்தல் வேண்டும்.

4. பெரிய டயரின் மோகம்

அளவிற் பெரிய டயரைப் பூட்டினால் வண்டி உயர்ந்து மேட்டையும் பள்ளத்தையும் எளிதிற் கடக்கும் என்று சிலர் எண்ணுகின்றனர். மேற்கூறிய 245/75 டயருக்குப் பதிலாக 265/75 பூட்டினால், டயரின் விட்டம் சுமார் 30 மில்லிமீட்டர் கூடும். ஆனால் அச்சு உயர்வது அதில் பாதியாகிய 15 மில்லிமீட்டரே. இதற்காக எஞ்சினுக்குச் சுமை கூடுகிறது, டீசல் கூடுகிறது, வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 62-க்கு மேல் ஓடும். ஒரு விரற்கடை கூட இல்லாத உயரத்திற்கு இவ்வளவு விலை கொடுத்தல் சிக்கனமாகாது.

5. நான்கும் ஒன்றாயிருத்தல்

பணம் போதாதபொழுது இவ்வாண்டு இரண்டு, அடுத்த ஆண்டு இரண்டு என்று டயர் வாங்குவது வழக்கம். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டியில் இவ்வழக்கம் கேடு விளைக்கும். புதிய டயரின் சுற்றளவு பெரிது. தேய்ந்ததன் சுற்றளவு சிறிது. இரண்டும் ஒரே தூரத்தில் வேறு வேறு எண்ணிக்கையாய்ச் சுழலுவதால், முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கி, பல்சக்கரங்கள் பழுதடையும். இக்காரணம் பற்றியே, காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர விசையைப் பூட்டி ஓட்டலாகாதென்று பல வண்டிகளின் கையேட்டில் கூறப்படுகிறது.

ஆகையால் நான்கையும் ஒரே வகையில், ஒரே அளவில், ஒரே சமயத்தில் வாங்குதல் நலம். ஸ்டெப்னியும் அதே அளவாயிருந்தால், 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்தையும் இடம் மாற்றிப் பூட்டி, எல்லாம் சமமாய்த் தேயும்படி செய்யலாம். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரை ஓட்டுதல் ஆகாது. சேற்றுப் பாதைக்கோ அதற்கு முன்பே அது பயனற்றதாகிவிடும்.

6. காற்றின் அளவு

நல்ல டயரையும் காற்று கெடுக்கும். எளிய டயரையும் காற்று காக்கும். வண்டியின் கதவோரத்திலோ கையேட்டிலோ குறித்த அளவே சாலைக்குரிய அளவு. அதைக் காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்தல் வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடுதலாய்க் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கலாகாது.

மணலில் புதைந்தால் காற்றை 20 பவுண்டு அளவிற்குக் குறைப்பது அனுபவசாலிகள் கையாளும் முறை. டயர் தட்டையாகிப் பரந்த இடத்தை மிதிப்பதால் புதைவது குறையும். ஆனால் மேலேறியதும் மெதுவாய் ஓட்டி, சாலையை அடைந்தவுடன் மீண்டும் காற்றை நிரப்புதல் வேண்டும். இதை மறந்து, அப்படியே நான்கு வழிச் சாலையில் வேகமாய்ச் சென்றால், பக்கச் சுவர் ஓயாது மடங்கிச் சூடேறி டயர் வெடிக்கக் கூடும். மதுரையின் சித்திரை வெயிலில் இவ்வாபத்து இன்னும் அதிகம். ஓர் அளவுமானியும், சிறு காற்றுப் பம்பும் வண்டியிலேயே இருத்தல் அவசியம்.

7. தீர்மானத்திற்கு முன்

நிர்வாகக் குழுவார் டயர் வாங்கத் தீர்மானிக்குமுன், ஓட்டுநரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, ஒரு மாதம் வண்டி எந்தப் பாதையில் எத்தனை கிலோமீட்டர் ஓடியதென்று எழுதச் செய்தல் வேண்டும். பத்துப் பங்கில் எட்டுப் பங்கு தாராயிருந்தால் நெடுஞ்சாலை டயரே போதும். ஐந்துக்கு ஐந்தாய்ச் சரளையும் மண்ணும் கலந்திருந்தால் பலநில டயர் பொருந்தும். மழைக் காலத்திலும் சேற்றுப் பாதையை விட வழியில்லாதவர்களுக்கே சேற்று டயர் தேவை.

பிறகு விலையை ஓடும் தூரத்தால் வகுத்துப் பார்க்கலாம். கணக்கிற்காக, ஒரு டயர் 10,000 ரூபாய் விலையில் 50,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 20 காசு. மற்றொன்று 14,000 ரூபாய்க்கு 40,000 கிலோமீட்டர் ஓடினால் 35 காசு. இந்த 15 காசு வேறுபாடு மண் பாதைக்காக நியாயமாய்ச் செலவாகிறதா, தோற்றத்திற்காக வீணாகிறதா என்பதே குழுவார் முன்னுள்ள வினா. இவ்வினாவிற்கு நோட்டுப் புத்தகம் விடை சொல்லும்.

ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. சங்கத்தின் வண்டி சென்ற மாதம் ஓடிய தூரத்தில் தார் எவ்வளவு, மண் எவ்வளவு?
2. இப்போதுள்ள டயர்களின் பாரக் குறியீடும் தயாரித்த வாரமும் யாவை?
3. ஐந்து டயர்களும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் உள்ளனவா?
4. காற்றின் அளவை யார், எந்த நாளில், எந்த நேரத்தில் பார்க்கிறார்?

இந்நான்கிற்கும் அடுத்த கூட்டத்தில் விடை கூறும் சங்கம், தன் அங்கத்தினரின் பணத்தையும் உயிரையும் ஒருங்கே காக்கும் சங்கமாகும்.