நாணயக் கண்காட்சியும் கள்ளாமை விரதமும்



இல்லறத்தார் மேற்கொள்ளும் அனுவிரதங்களுள் மூன்றாவதாகிய கள்ளாமைக்குத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரசு நெறியைக் கடத்தல், அளவையிலும் நிறுவையிலும் ஏமாற்றுதல், போலியை உண்மையெனக் கொடுத்தல் என்பன அவை. பாராயணம் செய்வோர் பலரும் இவை வணிகர்க்கு உரியவை என்று கடந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன், சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சிக்குப் பேரனோடு சென்றுவரும் வரையில்.

பழங்காசு சேர்ப்பது எனக்கு நெடுநாளைய பழக்கம். மிகுபொருள் விரும்பாமையை எண்ணி, நூறு காசுகளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்று வரையறையும் செய்துகொண்டிருக்கிறேன்.

முதற் கடையில் ஒரு விக்டோரியா வெள்ளி ரூபாய் இருந்தது. உண்மையான ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் எடையுள்ளது. பேரன் சட்டைப்பையிலிருந்த சிறு தராசில் வைத்தான். பத்து கிராம்கூட நிற்கவில்லை. "தேய்ந்திருக்கும் அம்மா" என்றார் கடைக்காரர். அரசியின் கூந்தலில் ஓரிழையும் தேயவில்லை! ஆயினும் எடை ஒன்றையே நம்புதலும் தவறு. 1940இல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டபோதும் ரூபாயின் எடை குறையவில்லை. 1947இல் வந்த நிக்கல் ரூபாயைக் காந்தம் இழுக்கும்; வெள்ளியை இழுக்காது.

அடுத்த கடையில்தான் என் மனம் தடுமாறிற்று. சதுரமான சிறு செப்புக்காசு; ஒருபுறம் யானை போன்ற உருவம். பாண்டியர் காசு என்றார். பெருவழுதி என்னும் பெயர் பொறித்த பாண்டியர் காசுகள் கிடைத்துள்ளமையை வாசகர் அறிந்திருப்பர். அதிலுள்ள தமிழ்ப் பிராமி எழுத்தே மதுரையை அடுத்த மாங்குளத்தில், நெடுஞ்செழியன் காலத்தில் கணிநந்தர் என்னும் நம் முனிவருக்கு அமைத்த கற்படுக்கைகளின் மேலும் காணப்படுகிறது. அவ்வெழுத்துடைய காசொன்றைக் கையில் ஏந்தும் ஆவல் எனக்கு இளமை முதலே உண்டு. இக்காசில் எழுத்து இருந்ததோ, களிம்புதானோ, என் கண்ணுக்குத் தெளிவாகவில்லை.

"எங்கே கிடைத்தது?" என்று கேட்டேன். நிலத்தில் வாய்க்கால் தோண்டும்போது என்றார். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டும். நூறாண்டு கடந்த தொல்பொருளை விற்பதற்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் கேட்கிறது. ரசீது தருவீர்களா என்றேன். "ரசீதெல்லாம் கிடையாது அம்மா. வேண்டுமானால் இருநூறு குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்த இருநூறு இரண்டாம் அதிசாரத்தின் விலையோ மூன்றாவதன் விலையோ, அறியேன். இருமுறை கீழே வைத்துவிட்டு மீண்டும் எடுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மூன்றாம் முறை வைத்துவிட்டு நகர்ந்தேன்.

இனி என் காசின் கதை. கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று ஒருபுறமும், இராமர் பட்டாபிஷேகம் மறுபுறமும் உள்ள செப்புக்காசை அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய உபகாரம். கம்பெனி அத்தகைய காசை ஒருநாளும் அச்சிட்டதில்லை என்றும், பிற்காலத்தார் விற்பனைக்கென வார்த்தவை என்றும் விளக்கினார்.

"முதற் கடைக்காரரிடமே தள்ளிவிடலாமே பாட்டி, அவருக்கும் சரியாகப் போகும்" என்றான் பேரன். ஐந்தாம் அதிசாரத்தை அங்கேயே நின்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்பொழுது அக்காசு ஓர் உறையில் இருக்கிறது. மேலே 'போலி' என்று அவன் கையெழுத்தில். நூற்றில் ஓர் இடம் காலியாயிற்று.

திண்டிவனத்தில் பணியாற்றிய காலத்தில், அக்காசைப் பல ஆண்டுகள் வரலாற்று வகுப்பில் கம்பெனிக் காசென்று கைக்குக் கை கொடுத்துக் காட்டியிருக்கிறேன். அன்று பயின்றோர் சிலர் இவ்விதழைப் படிக்கக்கூடும். நான் சொன்னது பிழை. தம் பிள்ளைகளுக்கு அவ்வாறு சொல்லியிருப்பின் திருத்திச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.