மூப்பும் நோவும்

கேள்வி: சேலத்து முதியோர் இல்லமொன்றில் இருக்கும் என் தாயார் இரவெல்லாம் முனகுகிறார்; கேட்டால், வயதானால் அப்படித்தான் என்கிறார்கள். பரிகாரம் இல்லையா? (ஒரு வாசகர், இராசிபுரம்)

பதில்: மூப்பு வேறு, நோவு வேறு. குழித்தறியில் வருஷக்கணக்காக மிதித்துத் தேய்ந்த முழங்காலின் வேதனையை, ஞாபகம் தப்பிய முதியவர் வாய்விட்டுச் சொல்ல இயலாவிடினும், புரட்டிப் படுக்கவைக்கும்போது சுளிக்கும் முகமும் இறுகும் கையும் வேண்டாமென்று ஒதுக்கும் உணவும் சொல்லிவிடும் ஆதலால், பணியாளர்கள் வேளைதோறும் அவற்றைக் கவனித்து ஒரு நோட்டில் குறித்துவருவதே முதற் சிகிச்சை என்பேன். உலக சுகாதார ஸ்தாபனம் 1986-இல் புற்றுநோய் வேதனைக்கென வகுத்த முறை, வலி வந்தபின் மாத்திரை தேடாமல் மணி தவறாது கொடுப்பதையும், எளிய மருந்து போதாதபோது மார்பின் வரையில் படிப்படியாக ஏறுவதையும் விதித்தது. ஆனால் நம் நாட்டில் 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்துக்கு அஞ்சி வைத்தியசாலைகள் மார்பினைக் கைவிட்டிருந்த அவலத்தை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. 2014-ஆம் வருஷத் திருத்தம் அந்தக் கெடுபிடியைப் பெரிதும் தளர்த்தியது. கடையில் தாமாக வாங்கும் வலிமாத்திரை முதியோரின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும், டாக்டரிடமே கேளுங்கள். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலிதணிப்புச் சேவையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே விசாரியுங்கள்.