வல்லரசுகளைப் பற்றி எழுதப் புறப்பட்ட பேத்திக்கு

ஆத்தா, கல்லூரியில் உனக்குக் கொடுத்த முதல் கட்டுரைத் தலைப்பை எழுதி அனுப்பியிருந்தாய். வலிமையான நாடுகளுக்குப் பிற நாட்டு விவகாரங்களில் தலையிடும் கடமை உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். உண்டு என்பதுதான் என் கட்சி. ஆனால் அதை எழுதியதோடு பேனாவை மூடிவிடாதே. அமராவதிபுதூரில் இருந்துகொண்டே பர்மாவின் கதையையும் இலங்கையின் கதையையும் பார்த்தவன் நான். அந்த வயதின் உரிமையில் சில சொல்கிறேன்.

1. நம் வீட்டு நியாயத்தை முதலில் உரசிப் பார். நம் பெரியவர்கள் பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனார்கள், பெட்டியடி வைத்து லேவாதேவி செய்தார்கள். 1930களில் நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாத குடியானவர்களின் வயல்கள் கைமாறின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் நம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. 1948இல் பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசுடைமையாக்கி, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார். லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறினார்கள். அன்றைக்கு நம் பக்கத்துத் திண்ணைகளில், டெல்லி இப்படிச் சும்மா இருக்கிறதே என்ற ஆத்திரம் இருந்தது. டெல்லி கப்பல் விட்டு ஆட்களை மீட்டது, சொத்துக்காகச் சண்டைக்குப் போகவில்லை. அது சரியான முடிவு. நம் இரும்புப்பெட்டியில் இருந்த பத்திரங்களுக்காக ஒரு படை கடல் தாண்டியிருந்தால், நிலத்தை இழந்திருந்த பர்மாக் குடியானவனுக்கு அது எப்படிப்பட்ட நீதியாக இருந்திருக்கும்? அதே சமயம், பெட்டியடியே பார்த்திராத கூலிக்காரனும் சில்லறைக் கடைக்காரனும் அதே கப்பலில்தான் வெறுங்கையோடு வந்தார்கள். காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு பகுதி இருக்கிறதே, அங்கே வயதானவர்களிடம் போய்ப் பேசு. சொத்து போனவன் துயரமும் வாழ்வு போனவன் துயரமும் வேறு வேறு என்பது அப்போது தெரியும்.

2. "அது அவர்கள் உள்நாட்டு விவகாரம்" என்று யாராவது சொன்னால், சொல்கிறவர் யார் என்று பார். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே இரண்டு தாக்குதல்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு வந்த ஆண்டுகளில் மண்டபம் அகதிகள் முகாமுக்குத் துணிமணி கொண்டுபோனவர்களோடு நானும் போயிருக்கிறேன். ஒரு அம்மா ஈர மூட்டையைப் பிரித்துக் காகிதங்களை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு காணி உறுதி. அவை பறந்துவிடாமல் கல் வைப்பதிலேயே அவர் கவனமெல்லாம் இருந்தது. காப்பாற்ற வேண்டிய அரசே கொல்ல விட்டுவிட்டால், எல்லை என்ற சொல்லுக்குப் பின்னால் அது ஒளிந்துகொள்ள முடியாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

3. உதவி வேறு, பலத்தைக் காட்டுவது வேறு. இரண்டும் ஒரே மூட்டையில் வரும்போது பிரித்துப் பார்க்கப் பழகு. 1987 ஜூன் 3ஆம் தேதி ராமேசுவரத்திலிருந்து நிவாரணப் பொருட்களோடு போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருட்களைப் போட்டன. பூமாலை என்று பெயர் வைத்தார்கள். வானத்தைப் பார்த்து அழுத யாழ்ப்பாணத்து மக்களின் நன்றி உண்மையானது, அதைக் குறைத்துப் பேசாதே. ஆனால் லட்சக்கணக்கான பேர் வாழும் குடாநாட்டுக்கு அந்த 25 டன் எத்தனை வேளைக்குக் காணும்? அது கொழும்புக்குச் சொல்லப்பட்ட சேதி. சேதி சொல்வது குற்றமில்லை, ஆனால் அதைக் கருணை என்ற பெயரில் மட்டும் எழுதாதே.

4. யாருக்காகப் போகிறோமோ அவர்களைக் கேட்காமல் போகக் கூடாது. இதைத்தான் உன் மனதில் ஆழப் பதிக்க விரும்புகிறேன். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போட்டார்கள். தமிழர் பிரச்சினையைத் தீர்க்கும் ஒப்பந்தத்தில் இலங்கைத் தமிழர் ஒருவரின் கையெழுத்தும் கிடையாது. இந்திய அமைதிப்படை போய் இறங்கியபோது ஜனங்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபர் 10ஆம் தேதி அந்தப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை மூண்டது. அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை நுழைந்து சுட்டதில் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என்று 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மாலை போட்ட கைகளுக்கும் அந்தத் தீபாவளிக்கும் இடையே மூன்று மாதம்கூட இல்லை. புலிகள் மேலும் தவறு உண்டு, கொழும்பின் மேலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காப்பாற்றப் போனவன் தன் கணக்கைத் தானே எழுத வேண்டும்.

அந்தப் படையில் 1,100க்கும் மேற்பட்ட ஜவான்கள் திரும்பி வரவில்லை. எதற்குச் சாகிறோம் என்று ஒருவரும் தெளிவாகச் சொல்லாமலே செத்தவர்கள் அவர்கள். கடைசிப் படைப்பிரிவு 1990 மார்ச் 24ஆம் தேதி இலங்கையை விட்டுக் கிளம்பியது. சென்னைக்குத் திரும்பிய படையை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அதைச் சரியென்பாரும் தப்பென்பாரும் நம் வீட்டிலேயே இருந்தார்கள். நீ எழுதும்போது ஆஸ்பத்திரியை மறைக்காதே, ஜவானின் தாயையும் மறக்காதே. ஆழம் தெரியாமல் காலை விட்டவர்கள் மேலே இருந்தார்கள், மூழ்கியவர்கள் கீழே இருந்தவர்கள்.

5. போகும் முன்பே திரும்பும் நாளைக் கேள். 1971இல் ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் கிழக்கு பாகிஸ்தானாக இருந்த வங்கத்திலிருந்து வந்து சேர்ந்தார்கள். டிசம்பர் 3இல் தொடங்கிய போர் 16இல் முடிந்தது. 1972 மார்ச்சில் இந்தியப் படை வங்கதேசத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. பாகிஸ்தான் உடைந்ததில் நமக்கு லாபம் இருந்தது, அதையும் ஒளிக்காமல் எழுது. ஆனால் அந்த ஜனங்கள் கேட்டார்கள், வேலை இன்னதென்று தெரிந்தது, முடிந்ததும் வந்துவிட்டோம். 1988 நவம்பரில் ஆட்சிக் கவிழ்ப்பை முறியடிக்க அந்நாட்டு அரசு கேட்டு மாலத்தீவுக்குப் போனபோதும் அப்படித்தான். மாறாக, லிபியாவில் 2011இல் மக்களைக் காக்கப் போவதாகச் சொன்னவர்கள் ஆட்சியைக் கவிழ்த்துவிட்டு நாட்டை நடுத்தெருவில் விட்டார்கள்.

6. சும்மா இருந்தவனிடமும் கணக்குக் கேள். ருவாண்டாவில் 1994இல் சுமார் எட்டு லட்சம் பேர் வெட்டுப்பட்டுச் செத்துக்கொண்டிருந்தபோது ஐ.நா. தன் படையை 270 பேராகக் குறைத்தது. அந்த வெட்கத்தில்தான், தன் மக்களை ஓர் அரசு காக்காவிட்டால் உலகம் காக்க வேண்டும் என்று 2005இல் உலகத் தலைவர்கள் கூடி ஒப்புக்கொண்டார்கள். நாலே வருஷத்தில் இலங்கைப் போரின் கடைசிக் கட்டமான முள்ளிவாய்க்கால் வந்தது. சிறு நிலத்துண்டில் மக்கள் நெருங்கிக் கிடக்க, அவர்கள் மேல் குண்டு விழுந்தது. புலிகள் அவர்களை வெளியேற விடவில்லை. டெல்லியும் நியூயார்க்கும் பார்த்துக்கொண்டிருந்தன. தான் கடமை தவறியதை ஐ.நா.வின் சொந்த விசாரணை அறிக்கையே 2012இல் ஒப்புக்கொண்டது. 1987இல் சூடுபட்ட இந்தியா 2009இல் கையைக் கட்டிக்கொண்டது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஏற்காதே. தப்பாகத் தலையிட்டதற்குப் பரிகாரம் சரியாகத் தலையிடுவதுதான்.

7. மேடையில் வீரம் பேசாதே. தன் பிள்ளையை அனுப்பத் தயாராக இல்லாதவன் "படை அனுப்பு" என்று கத்துவதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

8. கடைசியாக ஒன்று. தலையிடுவதில் மிகச் சிறியதும் யாருக்கும் தீங்கில்லாததும் ஓடிவந்தவரை ஏற்றுக்கொள்வது. அதற்குத் துப்பாக்கி வேண்டாம், இன்னொரு நாட்டின் சம்மதமும் வேண்டாம். அதைச் செய்யாத நாடு பெரிய கடமைகளைப் பற்றிப் பேசினால் நம்புவதற்கு யோசி. அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை கையெழுத்திடவில்லை. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு மட்டும் வழி செய்தது, இலங்கைத் தமிழருக்குச் செய்யவில்லை. தமிழ்நாட்டில் 100க்கும் மேற்பட்ட முகாம்களில் 50,000க்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். 2021இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது. அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்றவர்களும் இன்னும் குடியுரிமைக்குக் காத்திருக்கிறார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது நம் மாவட்டத்து முகாம் ஒன்றுக்கு உரிய அனுமதி வாங்கிப் போய், உன் வயசுப் பெண் ஒருத்தியோடு உட்கார்ந்து பேசு. அவள் பெயரையும் ஊரையும் வெளியிடாமல், அவள் சொன்னதை உன் கட்டுரையின் முதல் பக்கத்தில் வை.